இடையில் ஒரு தகடு

அந்த அடாப்டர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முட்டை வடிவத்தில் ஓர் அலுமினியத் துண்டு. நடுவே பெரிய துளை, இரு பக்கமும் ஸ்டட்டுக்கு ஒவ்வொரு சிறு துளை. என் பழைய புல்லட் 350இன் 24 மி.மீ. கார்புரேட்டர் தேய்ந்து ஓய்ந்துபோயிருந்தது. அதன் இடத்தில் 28 மி.மீ. மிக்குனி ஒன்றைப் பொருத்த ஆசைப்பட்டேன். புதியதன் முகமும் இன்ஜின் ஹெட்டின் முகமும் ஒன்றோடொன்று சேராதவை. நடுவே ஒரு துண்டு வேண்டும். உதிரிபாகக் கடையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டட்டுக்கு ஸ்டட் எவ்வளவு சார்?" சொன்னேன், எடுத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது.

வண்டியும் ஓடியது. அறுபதில் போகும்போது குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக வேகமெடுக்கும், பிறகு மூச்சுத் திணறி அணைந்துவிடும். பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை ஒரே முறுக்காக முறுக்கினால் அரை நொடி எதுவுமே நடக்காது. மதிய வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து எடுத்தால் கிக்கர் அடித்தே கால் சோர்ந்துவிடும். ஜெட்டை மாற்றினேன், ஸ்க்ரூவைத் திருகினேன், பிளக்கை மாற்றினேன். இரண்டு வாரம் இதே கதை.

ராயப்பேட்டையில் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கார்புரேட்டரைத் திறக்கவேயில்லை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடாப்டரை மட்டும் ஹெட்டில் மறுபடி மாட்டினார். சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க விட்டுப் பாருங்க" என்றார்.

விட்டேன். வழவழவென்று போன விரல் முடிவில் ஒரு சுவரில் முட்டியது. அடாப்டரின் துளை முடிந்து ஹெட்டின் துளை தொடங்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு படி.

"உங்க விரலுக்கே தட்டுதே. காத்துக்குத் தட்டாதா?"

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியின் விரிவுரை. அடாப்டரை வாங்கும்போது நாம் போல்ட்டின் கணக்கைப் பார்க்கிறோம். மாட்டிய பிறகு அது இன்ஜினுடைய மூச்சுக்குழலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை காற்றுக்கே உண்டு.

காற்று இழுக்கும் பெட்ரோல்

கார்புரேட்டரில் மோட்டார் இல்லை, பம்பு இல்லை. பெட்ரோலை மேலே தூக்குவது காற்றின் வேகம் மட்டுமே. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. வழி குறுகும் இடத்தில் அது வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. கீழே மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலின்மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருப்பதால், பெட்ரோல் ஜெட் வழியே மேலேறிக் காற்றில் தூவப்படுகிறது. இத்தாலியரான ஜியோவானி பத்திஸ்தா வெஞ்சுரி 1797இல் தண்ணீரையும் குழாய்களையும் வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். குறுகிய கழுத்துள்ள குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

இதை என் புல்லட்டின் எண்களால் சொல்லிப் பார்ப்போம். இன்ஜினின் கொள்ளளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஐம்பதில் ஒரு நொடி. காற்றை இழுக்கும் வேலை அரைச் சுற்றில் முடிய வேண்டும். கைவசம் இருப்பது நூறில் ஒரு நொடி. முழுத் திறப்பில் சிலிண்டர் முழுதாக நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மி.மீ. துளை வழியே காற்று நொடிக்கு சுமார் 76 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகம் தரும் இழுவை, தண்ணீரை ஏறத்தாழ 34 செ.மீ. உயரத்துக்குத் தூக்கப் போதுமானது.

அதே காற்று 28 மி.மீ. துளை வழியே போனால் வேகம் நொடிக்கு 56 மீட்டர்தான். இழுவை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் 34 செ.மீ. இருந்த இடத்தில் 18 செ.மீ.தான் மிஞ்சுகிறது. விட்டத்தில் நான்கே மில்லிமீட்டர் கூடியதற்கு, பெட்ரோலைத் தூக்கும் பலத்தில் பாதிக்கு அருகில் போய்விட்டது. ஒரே முறுக்கில் முறுக்கும்போது அரை நொடி எதுவும் நடக்காததற்கு இது ஒரு காரணம். வழி அகலத் திறந்துவிட்டது. காற்று இன்னும் வேகம் பிடிக்கவில்லை. பெட்ரோல் மேலே வரவில்லை.

மெதுவாகத் திறந்தால் இந்தக் குறை தெரியாது. இந்த வகைக் கார்புரேட்டரில் மேலும் கீழும் ஓடும் ஸ்லைடு, வழியை இன்ஜினின் தேவைக்கேற்பக் குறுக்கியே வைத்திருக்கும். பெரிய கார்புரேட்டரால் உயர் வேகத்தில் பயனும் உண்டு. அங்கே சிறிய துளை கழுத்தைப் பிடிக்கும். ஆகவே பெரியது கெட்டது என்று சொல்ல வரவில்லை. அடாப்டர் இரண்டு அளவுகளைச் சேர்த்து வைக்கிறது. அவை எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு சுமை அந்தச் சிறு துண்டின்மேல் ஏறும். கையில் இருக்கும் அடாப்டரின் ஒரு முனை மறுமுனையைவிட நாலைந்து மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், கார்புரேட்டரின் அளவையே ஒருமுறை மறுபடி யோசிக்க வேண்டும்.

படியில் முட்டும் காற்று

என் அடாப்டரின் துளை முழு நீளத்துக்கும் 28 மி.மீ. ஹெட்டின் துளை 25. சுற்றிலும் ஒன்றரை மி.மீ. படி. கேட்கும்போது சின்னதாகத் தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் 28 மி.மீ. வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுவராக நிற்கிறது.

கூர்மையான விளிம்பைத் தாண்டும் ஓட்டம் உடனே திரும்பிவிடாது. விளிம்பைவிட்டு விலகி உள்நோக்கிக் குவிந்து, துளையைவிட மெலிந்த தாரையாகப் போய், பிறகுதான் விரியும். தொட்டியின் சுவரில் கூர்மையாக வெட்டிய துளை வழியே வரும் நீர், துளையின் பரப்பில் சுமார் 62 சதவீதம் மட்டுமே நிரப்பி வெளியேறும். குழாய் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தாரை பாதியாக மெலிந்துவிடும். பிரெஞ்சுக் கடற்படைப் பொறியாளர் ழான்-ஷார்ல் த போர்டா 1766இல் இதை ஆராய்ந்து எழுதினார். அந்தக் குழாய் முனைக்கு இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

போர்டாவின் அந்த நீட்டிய குழாய்க்கு நம் பட்டறையில் ஓர் உறவினர் உண்டு: துளை சிறிதாக வெட்டப்பட்ட பேக்கிங். அடாப்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் காகிதம் ஒரு மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால், எத்தனை அழகாகக் கடைந்த அடாப்டராக இருந்தாலும் காற்று அந்தக் காகித விளிம்பில் தடுக்கும். பேக்கிங்கின் துளை இருபுறத்துத் துளைகளைவிட மயிரிழை பெரிதாகவே இருக்க வேண்டும்.

காற்றை மட்டும் பார்த்தால் ஒன்றரை மி.மீ. படியால் வரும் நஷ்டம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது பெட்ரோலுக்கு நேரும் கதி. கார்புரேட்டரிலிருந்து புறப்படும் பெட்ரோல் அனைத்தும் ஆவி ஆகிவிடுவதில்லை. கணிசமான பங்கு துளிகளாகப் பறக்கிறது; இன்னொரு பங்கு சுவரை ஒட்டி ஈரப் படலமாக ஊர்கிறது. காற்று வளைந்து படியைச் சுற்றிப் போய்விடும். கனமான துளியால் அப்படி வளைய முடியாது. நேராகப் போய் மோதும். சுவரில் ஊர்ந்து வரும் படலமும் படியின் மூலையில் தேங்கும். தேங்கியது ஒரே சீராக வடிவதில்லை. சேர்ந்து சேர்ந்து, திடீரென்று ஒரு மிடறு உள்ளே போகும். ஒரு வெடிப்புக்குப் பெட்ரோல் அதிகம், அடுத்ததற்குக் குறைவு. நாம் அதை "மிஸ்ஸிங்" என்று சொல்லி ஜெட்டின்மேல் பழி போடுகிறோம்.

ரோமில் ஒரு குழாய்ச் சட்டம்

படி எதிர்ப்பக்கமாக அமைந்தால், அதாவது சிறிய துளையிலிருந்து பெரிய துளைக்குக் காற்று போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் பண்டைய ரோமானியர்கள் பணத்தை வைத்துப் பழகியிருந்தார்கள்.

ரோம் நகரில் நீர்த்தொட்டியிலிருந்து வீட்டுக்கு நீர் எடுப்பவருக்கு அளவிட்டு முத்திரையிட்ட வெண்கல முனை ஒன்று பொருத்தப்படும். முனையின் அளவுதான் கட்டணத்தின் அளவு. ஆனால் சிறிய முனைக்குப் பின்னால் அகலமான குழாயைப் பொருத்தினால், அதே முனை வழியே கூடுதல் நீர் வரும். அதனால் தொட்டியிலிருந்து 50 அடி தூரம்வரை அனுமதித்த அளவைவிட அகலமான குழாய் போடக்கூடாது என்று அங்கே விதி இருந்தது. கி.பி. 97இல் நகரின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ், தம் நூலில் இதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

குறுகிய முனைக்குப் பின் வழி விரியும்போது ஓட்டத்தின் வேகம் தணிகிறது. தணிந்த வேகம் அழுத்தமாகத் திரும்பி வருகிறது. முனையில் அழுத்தம் அந்த அளவுக்குக் குறைந்து, தொட்டியிலிருந்து கூடுதல் நீரை இழுக்கிறது. வெஞ்சுரி தம் சோதனைகளில் விரியும் கூம்புகளை இணைத்துப் பார்த்ததும் இந்த விளைவைத்தான். ஆனால் விரிவு மெதுவாக நடக்க வேண்டும். கூம்பின் முழுக்கோணம் ஏறத்தாழ 7 பாகை அளவில் இருந்தால் ஓட்டம் சுவரை ஒட்டியே வரும். கோணம் மிக அகன்றால் சுவரைக் கைவிட்டு நடுவே தாரையாகப் பாயும். ஓரங்களில் சுழிகள் எழுந்து, திரும்பி வந்திருக்க வேண்டிய அழுத்தத்தைத் தின்றுவிடும்.

இந்த 7 பாகையை வைத்து அடாப்டரின் தடிமனைக் கணக்கிடலாம். 24 மி.மீ. துளை 28 ஆக விரிய 33 மி.மீ. நீளம் வேண்டும். கடையில் கிடைக்கும் 10 மி.மீ. தகட்டில் அந்த விரிவுக்கு இடமே இல்லை. அதில் இருக்கக்கூடியது செங்குத்தான சரிவு, இல்லையென்றால் படி. குறுகும் திசையில் காற்று இவ்வளவு கறாராக இருப்பதில்லை. 28லிருந்து 25க்கு வருவதற்குப் பாதி நீளத்திலேயே பணிந்துவிடும், விளிம்புகள் மழுங்கியிருந்தால் போதும். ஆகவே அடாப்டரைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது: துளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவாக இறங்குகிறதா? காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? அந்தச் சரிவுக்கு இந்தத் தடிமன் போதுமா?

அரை மயிர் இடுக்கு

விரல் கண்டுபிடித்தது ஒரு குறையை. பெரியவர் கண்டுபிடித்தது இன்னொன்றையும். கார்புரேட்டரின் முகத்தைத் துடைத்துவிட்டு, தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய எமரித் தாளை விரித்தார். முகத்தை அதன்மேல் கவிழ்த்து எட்டுப் போடுவதுபோல் நாலு தரம் தேய்த்தார். திருப்பிக் காட்டினார். இரண்டு காதுகளில் மட்டும் பளபளப்பு. நடுத்துளையைச் சுற்றிய வளையம் மங்கலாகவே இருந்தது. எமரி அதைத் தொடவேயில்லை.

"ரெண்டு காதுலயும் போட்டு இறுக்கியிருக்கீங்க. வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடுச்சு."

இரண்டே ஸ்டட்டில் நிற்கும் முகத்துக்கு இது வாடிக்கையான நோய். கார்புரேட்டரின் உடல் மென்மையான உலோகம். பலம் போட்டு இறுக்கும்போது காதுகள் முன்னால் வளைகின்றன, நடுப்பகுதி பின்வாங்குகிறது. கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் இன்னும் வளையும்.

அந்த இடுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? 0.05 மி.மீ. என்று வையுங்கள்; மெல்லிய தலைமுடியின் தடிமன். அது 20 மி.மீ. நீளத்துக்கு இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டர் திறப்பு. ஐட்லிங்கில் இந்த இன்ஜின் குடிக்கும் காற்று நொடிக்கு ஒரு லிட்டர் அளவுதான். உள்ளே பலமான வெற்றிழுவை இருப்பதால், அந்த ஒரு சதுர மில்லிமீட்டர் வழியே நுழையும் காற்று அதில் பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடலாம். இந்தக் காற்று கார்புரேட்டரைக் கடந்து வரவில்லை. தன்னோடு பெட்ரோலைக் கொண்டுவரவில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கில் சரிசமமான கலவை. ஐட்லிங்கில் இன்ஜின் கேட்பதோ 13ஐ ஒட்டிய அடர்த்தியான கலவை. அங்கே பத்து சதவீதம் காற்று கூடினால் கலவை வெளுத்துப்போய், சுற்று ஏறி இறங்கித் தவிக்கும். இதைத்தான் பட்டறையில் "ஏர் பிடிக்குது" என்கிறார்கள்.

அறுபதில் ஏன் தெரியவில்லை? ஸ்லைடு திறந்ததும் உள்ளே வெற்றிழுவை தணிந்துவிடுகிறது. இடுக்கு வழியே நுழையும் காற்று குறைகிறது. இன்ஜின் குடிக்கும் காற்றோ பல மடங்கு கூடிவிட்டது. கசிவின் பங்கு பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சாலையில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் திணறும் வண்டியில் ஜெட்டைத் தொடுவதற்கு முன் இணைப்புகளைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது இணைப்பின் மேல் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் தண்ணீர் அந்த இடுக்கை ஒரு கணம் அடைக்கும். இன்ஜினின் ஓசை மாறும். சிலர் சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்துப் பீய்ச்சுவார்கள். சூடான இன்ஜின்மேல் அதைச் செய்யவே கூடாது.

சூடு எந்த வழியாக ஏறுகிறது

ஓடும் வண்டியில் கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குளிர்ந்திருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தன்னுடன் வரும் 14.7 கிலோ காற்றிலிருந்து எடுத்துக்கொண்டால் காற்றின் வெப்பநிலை 20 பாகைக்கு மேல் இறங்கிவிடும்.

இன்ஜினை நிறுத்தியதும் இந்தக் குளிர்ச்சி நின்றுவிடுகிறது. ஹெட் மட்டும் நூறு பாகைக்கு மேலான சூட்டோடு நிற்கிறது. அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் கார்புரேட்டருக்குள் ஏறத் தொடங்குகிறது, அடாப்டர் வழியாகவே. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 40 பாகையை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். மிதவை அறையில் குமிழி எழுந்தால் பெட்ரோல் பொங்கி உள்ளே வழியும், இல்லையென்றால் ஆவியாகி அறை வற்றும். இரண்டில் எது நடந்தாலும் கிக்கர் அடித்துக் கால் வலிக்கும்.

என் அடாப்டர் முழு அலுமினியம். அலுமினியக் கலவைகள் வெப்பத்தைக் கடத்தும் திறன், பேக்கலைட் போன்ற பிசின் பலகைகளைப்போல் பல நூறு மடங்கு. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய அந்தப் பிசின், மின்சார சுவிட்சுகளில் புகழ்பெற்றது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் அந்தத் தடிமனான வில்லையும் அந்தக் குடும்பம்தான். வண்டியைப் பிரிக்கும்போது அதை வெறும் பேக்கிங் என்று எண்ணித் தூக்கிப்போட்டவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். அலுமினிய அடாப்டர் வாங்கினால் அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே அந்த வில்லை கட்டாயம் வேண்டும். ரப்பர் இணைப்பாக இருந்தால் சூட்டைத் தடுக்கும் வேலையை ரப்பரே செய்துவிடும்.

ரப்பருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு இறுக்கமான அடாப்டர் வழியே நேராக மிதவை அறைக்குள் போனால் பெட்ரோல் நுரைக்கும். நுரையைத் தூக்கும் ஜெட்டிலிருந்து கலவை சீராக வராது. தடிமனான அடாப்டரின் முனையில் தொங்கும் கார்புரேட்டரின் எடையும் ஸ்டட்டுகளை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். ரப்பர் இரண்டையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் எல்லா ரப்பரும் பெட்ரோலைத் தாங்காது. இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் வேண்டும். இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஆகவே எத்தனாலையும் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குவது நல்லது. உள்பக்கம் உப்பினாலோ வெடித்தாலோ படியும் கசிவும் ஒன்றாக வந்து சேரும்.

நாலு வாய்க் கார்புரேட்டரின் பாடம்

அடாப்டர் என்ற பொருள் பெரிய சந்தையாக வளர்ந்தது அமெரிக்காவின் எட்டு சிலிண்டர் கார்களில். ஜெனரல் மோட்டார்ஸ் 1965இல் கொண்டுவந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டருக்கு நான்கு வாய்கள். முன்னிரண்டும் 35 மி.மீ., பின்னிரண்டும் 57 மி.மீ. மெதுவாகப் போகும்போது சின்ன வாய்கள், அவசரத்துக்குப் பெரிய வாய்கள். அதைக் கழற்றிவிட்டுப் பலர் பொருத்த விரும்பியது நான்கு வாயும் சம அளவுள்ள ஹாலி கார்புரேட்டர்களை. அவற்றில் வாய் ஒன்றுக்கு 43 மி.மீ. அளவுள்ளவை பரவலானவை.

மெல்லிய தகடு ஒன்று போல்ட்டுகளைச் சேர்த்துவிடும். ஆனால் முன்னே 43 மி.மீ. வாய்க்குக் கீழே 35 மி.மீ. குழி, பின்னே 57 மி.மீ. குழிக்கு மேலே 43 மி.மீ. வாய். ஒரே தகட்டில் போர்டாவின் படியும் உண்டு, ரோமானியரின் விரிவும் உண்டு. நல்ல அடாப்டரில் இரண்டுக்கும் சரிவு கடையப்பட்டிருக்கும், அதற்கான தடிமனும் இருக்கும். தடிமனைத் தாங்க பானெட்டின் கீழே உயரம் இருக்கிறதா என்று அளந்து வாங்குவார்கள்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. இந்த வகைக் கார்புரேட்டர்களில் காற்றைத் திறந்து மூடுவது வட்டமான பட்டாம்பூச்சித் தகடு. முழுதாகத் திறக்கும்போது அதன் கீழ்ப்பாதி கார்புரேட்டரின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கும். அடாப்டரின் துளை சிறிதாகவோ ஒருபக்கம் தள்ளியோ இருந்தால் தகடு அதில் சிக்கிக்கொள்ளும். முழு வேகத்தில் ஆக்ஸிலேட்டர் திரும்பாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, இன்ஜினை இயக்குவதற்கு முன், கையால் பலமுறை முழுதாகத் திறந்து விட்டுப் பார்க்க வேண்டும். தானாக, தடையின்றி மூட வேண்டும்.

எடோர்டோ வெபர் இத்தாலியின் போலோஞா நகரில் 1923இல் தொடங்கிய நிறுவனத்தின் 32/36 கார்புரேட்டர் உலகெங்கும் நான்கு சிலிண்டர் கார்களில் மாற்றாக ஏறியது. அதற்குப் பல கார்களில் இரண்டு அடுக்கு அடாப்டர் வேண்டியிருக்கும். கீழ்த்தட்டு இன்ஜின் பக்கத்து போல்ட்டுகளுக்கு, மேல்தட்டு கார்புரேட்டருக்கு. கீழ்த்தட்டை இறுக்கும் ஸ்க்ரூக்களின் தலை மேல்தட்டின் அடியில் மறைந்துவிடும். பின்னால் ஒன்று தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கசிவாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அவற்றைத் தளராமல் பிடிக்கும் பசையிட்டு இறுக்கி, தலைகள் தட்டின் மட்டத்துக்கு மேலே எழவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மேல்தட்டை வைக்க வேண்டும். மறைந்துபோகும் வேலைக்குத்தான் அதிக பொறுமை தேவைப்படுகிறது.

மட்டமும் மிதவையும்

கடைசியாக, சாய்வு. மிதவை அறையில் பெட்ரோலின் மட்டம் ஜெட்டின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அடாப்டர் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மட்டம் மாறிவிடும். ஒருபக்கம் சாய்ந்தால் பெட்ரோல் வழியும், மறுபக்கம் சாய்ந்தால் இழுவைக்கு எட்டாமல் கீழே போகும். தயாரிப்பாளர் எந்தச் சாய்வை எதிர்பார்த்தாரோ அதைத்தான் அடாப்டர் தர வேண்டும். பார்க்கும்போது வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கூடவே டேங்க், சட்டம், ஏர் ஃபில்டர் குழாய் எதுவும் இடிக்காமல் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விரல் மறுபடி

பெரியவர் என்னை ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். ஒரு பழைய சைக்கிள் ரசீதின் பின்புறம் படம் வரைந்து கொடுத்தார். கார்புரேட்டர் பக்கம் 28, ஹெட் பக்கம் 25, நடுவே நேர்ச்சரிவு, தடிமன் 20. முகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. ஸ்டட் துளைகளில் ஆட்டம் இருக்கக்கூடாது; ஆட்டம் இருந்தால் அடாப்டர் ஒருபக்கம் நகர்ந்து, இல்லாத படியை உண்டாக்கிவிடும். வெப்பத் தடை வில்லையின் துளையையும் அதே 25க்குத் திறக்கச் சொன்னார்.

துண்டு வந்ததும் கார்புரேட்டரின் முகத்தைக் கண்ணாடிமேல் தேய்த்துத் தேய்த்து, வளையம் முழுவதும் ஒரே பளபளப்பு வரும்வரை விடவில்லை. பேக்கிங்கைத் துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினார். நட்டுகளைக் கால் சுற்று கால் சுற்றாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கினார். ஸ்பானரின் நுனியை இரண்டு விரலால் மட்டுமே பிடித்திருந்தார். "பேக்கிங் அமுங்கினா போதும் தம்பி, இரும்பு அமுங்க வேணாம்."

ஜெட்டுகளை அதற்குப் பிறகுதான் பார்த்தோம். வழி சரியான பின் அந்த வேலை ஒரு மாலையில் முடிந்தது. மாசுப் பரிசோதனை மையத்தில் ஐட்லிங்கின் கார்பன் மோனாக்சைடு அளவு, கலவை சரியாக இருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிட்டது.

கார்புரேட்டரை மாட்டும் முன் அவர் என்னை ஒரு வேலை செய்யச் சொன்னார். சுண்டுவிரலை அடாப்டருக்குள் விட்டேன். மெதுவாகக் குறுகிக்கொண்டே போன அலுமினியம் முடிந்தது எங்கே, வில்லை தொடங்கியது எங்கே, ஹெட் தொடங்கியது எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றினேன். எதுவும் தட்டவில்லை.